பக்கத்தைப் பிடித்திருந்த கை

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு கட்டைவிரல்தான்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பக்கம் புரளாமல் இருக்க ஓரத்தை அழுத்திப் பிடிப்பார்கள். அவசரத்தில் விரலும் சேர்ந்து படமாகிவிடும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முகம் தெரியாத யாரோ ஒருவரின் விரல், ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, பழைய கடற்பயணக் குறிப்பு ஒன்றின் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நூலகத்தின் உதவி மேசையில் உட்கார்ந்து, உலக வரலாறு படிக்க வருகிறவர்களுக்கு எது எங்கே கிடைக்கும் என்று வழி காட்டுவதுதான் அவள் வேலை. அந்த மாதிரி விரல்களை எத்தனையோ பார்த்திருக்கிறாள். பார்த்தால் சிரிப்புதான் வரும். பாவம், நம்மைப் போலவே மாடாய் உழைக்கிற ஒரு ஜீவன் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த விரல் அவளைச் சிரிக்க விடவில்லை. உறை இல்லாத வெறும் விரல். நகம் தட்டையாகவும் அளவுக்கு மீறி அகலமாகவும் இருந்தது, கனமான எதற்கோ அடியில் பல காலம் வைத்திருந்து எடுத்தது போல. பக்கத்தின் இடது ஓரத்தை அது பிடித்திருந்த விதத்தில் அவசரம் இல்லை. பத்தியின் கடைசி வரியை, வேண்டுமென்றே செய்தது போல, பாதியில் மறைத்திருந்தது.

"இதைத்தான் சொன்னேன்" என்றாள் எதிர் நாற்காலியில் இருந்த தங்கை. "சரியா எனக்கு வேணுங்கிற வரி மேலதான் ஐயா கையை வைக்கணுமா? இன்னொரு ஆள் உதவிக்கு நின்னு அந்தப் பக்கத்தைப் பிடிச்சிருந்தா முழுசாத் தெரிஞ்சிருக்கும்."

தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்கு 'வாலு' என்று ஒட்டிக்கொண்டது, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் வயதிலும் உதிரவில்லை. ஆய்வு, தொற்றுநோய்க் காலங்களில் துறைமுகங்களில் கப்பல் பயணிகளைத் தனியே அடைத்து வைத்த வரலாறு. ஏதோ ஒரு தீவுத் துறைமுகத்தில், உள்ளே ஆள் இருக்கும்போதே ஒரு கொட்டகைக் கதவை மூடிப் பூட்டியது பற்றிய அத்தியாயத்தில் வண்டி நின்றுபோயிருந்தது. இரண்டு முறை கால நீட்டிப்பு கேட்டாகிவிட்டது. இந்த மாதம் அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அதனால் மூன்று வாரமாக அக்காவும் சரியாகத் தூங்கவில்லை.

அவள் திரையில் பக்கத்தைப் பெரிதாக்கினாள். அந்தக் காலத்துப் பத்திரிகை ஒன்றின் செய்தி. கொட்டகைக் கதவை மூடும் முன்பு காவலர் வழக்கப்படி குரல் கொடுத்துக் கேட்டதாகவும், உள்ளேயிருந்து... அவ்வளவுதான். மீதி நகத்துக்கு அடியில்.

"எந்த நூலகத்துப் பிரதின்னு பாரு. மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்."

"அதான்க்கா வேடிக்கை. கீழே பாரு."

பக்கத்தின் அடியில், பிரதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பில், இந்த நூலகத்தின் பெயர் இருந்தது. அடித்தளம், சுவரோரத்து அலமாரி.

அவள் அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தாள். இந்த நூலகத்தில் புத்தகம் ஸ்கேன் செய்கிற இயந்திரமே கிடையாது. இருப்பது ஒரு நகல் எடுக்கும் இயந்திரம். அதுவும் மழை பெய்தால் மூச்சு வாங்கும்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டே?" வாலு சிரித்தபடி கட்டைவிரலை அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். காலையில் வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்ட விரல். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அக்காதான் பிளாஸ்திரி போட்டுவிட்டாள். அது கோணலாக, ஒரு முனை நகத்தின் மேல் ஏறி ஒட்டியிருந்தது.

அடித்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. பகலும் ராத்திரியும் அங்கே ஒன்றுதான். படி இறங்கியதும் பழைய பசையின் வாசம், நாப்தலீன் உருண்டையின் வாசம், அதற்கும் அடியில் ஈரச் சாக்கு போல ஒரு வாசம் மூக்கில் ஏறும். மூலையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க, அங்கே அலமாரிகளைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தியிருந்தார்கள். இரும்பு அலமாரிகள், ஆள் உயரத்துக்கு மேல், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே ஓர் இடைவெளிதான் இருக்கும். வேறு வரிசையில் புத்தகம் வேண்டுமென்றால், அந்த அலமாரியின் பக்கவாட்டில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அலமாரிகள் மொத்தமாக நகரும், புதிய இடைவெளி திறக்கும், பழையது மூடிக்கொள்ளும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தில் கை வைக்கும் முன்பு, மூடப் போகிற இடைவெளியின் வாயில் நின்று, "உள்ளே யார்?" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்வார். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் சொல்லித்தரப்படுவது இது. விளையாட்டுப் பிள்ளைகள் சிலர் உள்ளேயிருந்து "யாரும் இல்லை" என்று குரல் கொடுத்துச் சிரிப்பதும் உண்டு. வாலுவும் ஒருமுறை அப்படிச் சொல்லி, அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் சக்கர அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சக்கர அண்ணன் ஏணியில் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் இறங்கி வந்தார்.

"சுவரோரத்து அலமாரியா? அது திறந்து எத்தனை வருஷம் ஆச்சு மேடம். தண்டவாளம் வளைஞ்சு போய் ஒரேயடியா இறுகிக் கிடக்கு. நாலு ஆம்பளைங்க சேர்ந்து சுத்தியும் அசையலை. அதைத் திறந்து யாராவது படம் எடுத்தாங்கன்னா நான் என் பேரையே மாத்திக்கிறேன்."

"அப்போ வேற யாராவது நம்ம பேரைத் தப்பாப் போட்டிருக்காங்களா அண்ணே?"

"அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரோரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் இந்தப் பக்கமாகவே போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றால் நடக்கத் தோன்றியது. உலக வரலாற்று ஆய்வுக்கான வழிகாட்டிப் பக்கத்தை நூலகத்தின் இணையதளத்தில் அவள்தான் பராமரித்து வந்தாள். கலைக்களஞ்சியத்தில் தொடங்கு, நூலடைவுக்குப் போ, அப்புறம் பட்டியலில் தேடு, இன்றைய சொல்லால் தேடாதே, அந்தக் காலத்தவர் பயன்படுத்திய சொல்லால் தேடு, என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த பாடம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும்: இணையத்தில் கிடைத்ததை மூலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதே. அதை எழுதியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பக்கம் கிடைத்த இணைய ஸ்கேன் தொகுப்பில் அவள் காலையில் ஒரு சொல்லைத் தேடுவாள். ஒன்றும் இல்லை என்று வரும். மேசைக்கு வருகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் வழி சொல்லிவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவி வந்து அதே சொல்லைப் போட்டால், ஒரு பக்கம் கிடைக்கும். புதிதாக ஏற்றிய பக்கம். இடது ஓரத்தில் அதே தட்டை நகம். வாலு வேறு ஒரு சொல்லைத் தேடினாள். அதற்கும் வந்தது. துறைமுகம் என்று தேடினால் துறைமுகம், கொட்டகை என்று தேடினால் கொட்டகை. வாலுவுக்குக் கொண்டாட்டம். "கேட்டது கேட்டபடி வருது பாருக்கா! யாரோ நமக்குன்னே உட்கார்ந்து புரட்டிட்டு இருக்காங்க" என்றாள். சொன்னவள் சிரித்தாள். கேட்டவள் திரையை மூடினாள்.

தலைமை நூலகரிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். "நல்லதுதானேம்மா. யாரோ காசு வாங்காம நம்ம வேலையைச் செய்யறாங்க. கெடுத்துடாதீங்க" என்றார்.

தேடியது எல்லாம் கிடைத்தது, அந்த ஒரு வரியைத் தவிர. அந்தப் பக்கம் மட்டும் மூன்று தடவை புதிதாக ஏறியது. மூன்றிலும் விரல் அதே வரியின் மேல்தான் இருந்தது. மூன்றாவது முறை, விரல் வைத்த இடத்தில் காகிதம் லேசாகக் குழிந்திருப்பதையும் நகத்தின் ஓரம் அழுத்தத்தில் வெளுத்திருப்பதையும் அவள் கவனித்தாள். செத்துப்போன விரல் வெளுக்காது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாலுவின் நெறியாளர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். பாதி மறைந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது, மூலப் பிரதியைப் பார், இல்லாவிட்டால் அதே சம்பவத்தைச் சொல்லும் வேறொரு பத்திரிகையைக் காட்டு என்று எழுதியிருந்தார். அக்காவின் வழிகாட்டிப் பக்கத்திலிருந்தே அந்தத் தடித்த வரியை எடுத்துக் கடிதத்தில் போட்டிருந்தார்.

"உன் வாயாலேயே எனக்கு ஆப்பு" என்றாள் வாலு.

மூலப் பிரதி சுவரோரத்தில், இறுகிப்போன அலமாரிக்குள். அதைத் தொட முடியாது. ஆனால் அதே ஆண்டில் வெளிவந்த வேறொரு பத்திரிகையின் தொகுப்பு மூன்றாவது வரிசையில் இருந்தது. அக்காதான் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தாள். அக்காதான் அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. சக்கர அண்ணன் காய்ச்சல் என்று வரவில்லை. அவளே கீழே வந்து மூன்றாவது வரிசையைத் திறந்துவிட்டாள். இடைவெளியில் வாலு நுழைந்ததும் மேலே விளக்கு எரிந்தது. ஆள் அசைந்தால் எரியும், அசைவில்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் விளக்கு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு வரிசைக்கும் வைத்திருந்தார்கள். படித்துக்கொண்டே இருந்தால் இருட்டிவிடும், கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். பேருந்தை நிறுத்துவது போல வாலு கையை ஆட்டிக் காட்டினாள்.

"தூங்கிடாதடி" என்றாள் அக்கா. வாலு எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுகிறவள். அதுவும் நாலைந்து நாளாக விழித்துக் கிடந்தவள்.

"தூங்கறதா? இந்த வரி கிடைக்கிற வரைக்கும் நான் மனுஷியே இல்லை. நீ போ." காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, இடைவெளியின் கடைசி வரை போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கனத்த தொகுப்பு. அவள் திரும்பிப் பார்த்தபோது தங்கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நாள் கழிந்தும் மாற்றாத அதே கோணல் பிளாஸ்திரி.

மேலே மேசையில் நேரம் நகரவே இல்லை. வாசகர்கள் குடையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூடும் மணி அடித்தது. காவலாளி மாடியில் ஜன்னல்களைச் சாத்தப் போனார். அவள் கணினியை அணைக்கப் போனவள், ஒரு தடவை மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நான்காவது முறையாகப் புதிதாக ஏறியிருந்தது. விரல் இன்னும் வரியின் மேல்தான். ஆனால் இந்த முறை படம் கொஞ்சம் அகலமாக இருந்தது. பக்கத்தின் வலது ஓரம், பிடிக்க ஆள் இல்லாமல், தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் படிகளில் கிட்டத்தட்ட ஓடி இறங்கினாள்.

அடித்தளம் இருட்டாக இருந்தது. படிக்கட்டு விளக்கு மட்டும் அவள் காலடியில் ஒரு சதுரம் வெளிச்சம் போட்டது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடவில்லை. அது ஓடாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. அந்த முனகல் போன இடத்தில், மேலே எங்கோ பெய்யும் மழை, சுவருக்குள் யாரோ அரிசி கொட்டுவது போல மெலிதாகக் கேட்டது.

"வாலு?"

பதில் இல்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். இடைவெளி திறந்துதான் கிடந்தது. விளக்கு இல்லை. விளக்கு இல்லையென்றால் ஆள் இல்லை. இத்தனை வருஷ வேலையில் அது அவள் கண்ணுக்குப் பழகிப்போன கணக்கு. வேறு பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தாள்.

"வாலு, எங்கடி இருக்கே? மூடப் போறாங்க."

"அக்கா."

சுவரோரத்திலிருந்து வந்தது.

"அக்கா, இங்கே இருக்கேன்." வாலுவின் குரல்தான். மூச்சு திணறினாற்போல. ஒன்றோடொன்று ஒட்டி, காகிதம் நுழைய இடமில்லாமல் மூடிக் கிடந்த அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து. "மாட்டிக்கிட்டேன்க்கா. திற. நெஞ்சை அழுத்துது. திறக்கா!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி உள்ளே போனாள், இறுகிப்போன அலமாரி எப்படித் திறந்தது, எப்படி மூடியது, எதையும் அவள் யோசிக்கவில்லை. ஓடினாள். சக்கரத்தைப் பிடித்தாள். பிடி ஜில்லென்று இருந்தது. நாலு ஆண்கள் சேர்ந்து சுற்றியும் அசையாத சக்கரம், எண்ணெய் போட்டது போல அவள் கையில் சுழன்றது.

அலமாரிகள் நகர்ந்தன. இரும்பு இரும்பின் மேல் உருளும் சத்தம் மொத்த அடித்தளத்தையும் நிறைத்தது. அவள் சுற்றினாள். தோள் வலிக்கச் சுற்றினாள். சுவரோரத்தில் கறுப்பாக ஒரு கீற்று விரிந்தது.

அப்போதுதான் கடைக்கண்ணில் அது பட்டது.

அந்தக் கோடியில், மூன்றாவது வரிசை முன்னால், தரையில் வெளிச்சம். ஒரு பட்டை வெளிச்சம். அது ஒடுங்கிக்கொண்டே வந்தது. பட்டை கயிறானது. கயிறு நூலானது.

அவள் கை சுற்றிக்கொண்டிருந்தது.

நூல் அறுந்தது. சக்கரம் கடைசிச் சுற்றில் கொஞ்சம் கனத்தது. கொஞ்சம்தான். பிறகு பொருந்தி நின்றது.

அவள் ஒரு கணம் மூச்சு வாங்கினாள். திறந்த இடைவெளிக்குள் எட்டிப் பார்த்தாள். "வாலு, வாடி வெளியே" என்றாள். விளக்கு எரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினாள். தூசி. வருஷக்கணக்கில் யாரும் மிதிக்காத தூசி, தரை முழுக்க ஒரே சீராக, ஒரு காலடித் தடம் இல்லாமல். நடுவில் ஒரு தொகுப்பு திறந்து கிடந்தது. வேறு யாரும் இல்லை.

அசைந்தால் எரியும் விளக்கு.

மூன்றாவது வரிசையில் விளக்கு எரிந்தது. யாரோ அசைந்திருக்கிறார்கள். யாரோ தூங்கிக்கொண்டிருந்து, சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்திருக்கிறார்கள்.

மூடப் போகிற இடைவெளியின் வாயில் நின்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

அவள் கொடுக்கவில்லை.

எப்படி அந்தக் கோடிக்குப் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது வரிசையின் இரும்பை உள்ளங்கையால் அடித்தாள். "வாலு! உள்ளே இருக்கியா? வாலு!" சக்கரத்தைத் திருப்பினாள். அசையவில்லை. தொங்கினாள். அசையவில்லை. நகம் பிய்ந்தது. அலமாரிகள் வேரோடிப் போனது போல நின்றன.

"உள்ளே யார்?" என்று கத்தினாள். ஐயோ, இப்போது கத்தி என்ன.

உள்ளேயிருந்து பதில் வந்தது. வாலுவின் குரலில்தான். பயமில்லாமல். கிட்டத்தட்ட விளையாட்டாக.

"யாரும் இல்லை."

தீயணைப்பு வீரர்கள் இரும்புப் பாரைகளோடு வந்து மூன்றாவது வரிசையைப் பிரித்தார்கள். வெகு நேரம் பிடித்தது. அவளைப் படியிலேயே உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். இடைவெளி விரிந்து, விளக்கு எரிந்து, உள்ளே போன அதிகாரி உடனே வெளியே வந்தார். தலைமை நூலகர் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவள் முன்னால் குனிந்தார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. உலகத்தில் அவள் அதிகம் வெறுத்த முகம் அதுதான்.

"பயப்படாதீங்கம்மா. உள்ளே யாரும் இல்லை."

ரத்தம் இல்லை. துணி இல்லை. மூன்றாவது வரிசையில் இருந்த தொகுப்பு ஒன்று குறைந்தது. தரையில் ஓர் இயர்போன் மட்டும் கிடந்தது. அதில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாலு படி இறங்கியது காமிராவில் இருந்தது, ஏறியது இல்லை. மழையில் காமிரா பழுதாகியிருக்கும், பின்வாசல் வழியாகப் போயிருப்பாள், பரீட்சை பயத்தில் பிள்ளைகள் இப்படிச் செய்வதுண்டு என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அவள் சக்கரத்தைப் பற்றிச் சொன்னாள். கடைசிச் சுற்றில் கனத்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

வீட்டில் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாலுவின் தட்டும் வைத்திருந்தது. "சிநேகிதி வீட்டுக்குத்தான் போயிருப்பா. கோபம் தீர்ந்ததும் வந்துடுவா. நீ அவளை ஏதாவது சொன்னியா?" என்று கேட்டாள். அக்கா தன் அறைக்குப் போனாள். இரண்டு கட்டில் போட்ட அறை. ஒன்றில் போர்வை மடிக்காமல் கிடந்தது. அவளால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உள்ளங்கையில் அந்தச் சக்கரத்தின் கனம் இன்னும் இருந்தது. கையை எத்தனை தடவை கழுவியும் போகவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே. தேடுவது.

அந்த ஸ்கேன் தொகுப்பில் வாலு என்று அடித்தாள். ஒன்றும் இல்லை. தங்கை என்று அடித்தாள். ஒன்றும் இல்லை. கொட்டகை என்று அடித்தாள்.

அந்தப் பக்கம் வந்தது. ஐந்தாவது முறை. இப்போதுதான் ஏறியிருந்தது.

படம் அழகாக இருந்தது. இதுவரை வந்த எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை. பக்கம் இரண்டு பக்கமும் சமமாகப் படிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. இடது ஓரத்தில் தட்டை நகம், ஒதுங்கி, வரிக்கு வழிவிட்டு நின்றது. மறைந்திருந்த வரி முழுசாகத் தெரிந்தது. கதவை மூடும் முன்பு காவலர் வழக்கப்படி குரல் கொடுத்துக் கேட்டதாகவும், உள்ளேயிருந்து, யாரும் இல்லை என்று பதில் வந்ததாகவும், அதன் பேரிலேயே கதவு பூட்டப்பட்டதாகவும் தெரிகிறது.

வலது ஓரத்தையும் ஒரு விரல் பிடித்திருந்தது. கட்டைவிரல். அதில் ஒரு பிளாஸ்திரி. கோணலாக, ஒரு முனை நகத்தின் மேல் ஏறி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார்கூடடி பேசறே?" என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டாள். "வாலு வந்துட்டாளா?"

பேசியது அவள் இல்லை. அறையில் யாரும் பேசவில்லை. அவள் அடுத்த பக்கத்தை அழுத்தினாள்.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எழுத்து இல்லை. காகிதமே இல்லை. ஸ்கேன் செய்யும் கண்ணாடியின் மேல் அப்பிய ஓர் உள்ளங்கை, ரேகையெல்லாம் வெளுத்து நசுங்க, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் கோணல் பிளாஸ்திரி. அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. தட்டையான, அகலமான நகங்கள். அது இறுக்கவில்லை. பக்கம் புரளாமல் பிடிப்பது போல, மெதுவாகத்தான் பிடித்திருந்தது.